புளி தேய்த்த இரண்டு ரூபாய்

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை பெண்கள் பக்கத்து வரிசையில் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. கீர்த்தனை மூன்றாவது சரணத்தில் இருந்தது. செல்லபாய் பாடிக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் பையின் மேல். பக்கத்தில் இருந்த ஷைஜா ஒரு பத்து ரூபாய்த் தாளை நாலாக மடித்துப் போட்டுவிட்டுப் பையை நீட்டினாள். செல்லபாய் வலது கையை இறுக்கி மூடி, மணிக்கட்டு வரை பைக்குள் விட்டு, உள்ளே விரலை விரித்து, வெளியே எடுத்தாள். ஒன்றும் விழவில்லை. விழுவதற்குக் கையில் ஒன்றும் இருந்தால்தானே.

உங்களில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், மக்களே. தாள் விழுந்தால் சத்தம் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் வெறுங்கை உள்ளே போய் வெளியே வருகிறது. பல வாரமாக அப்படிப் போய் வந்த கைதான். அன்றைக்கு ஷைஜா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் செல்லபாயின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

இல்லாத வீட்டுக்காரியா என்றால் அதுவும் இல்லை. புருஷன் செல்வதாஸ் அரசு அலுவலகத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். மகன் பிபின் கல்ஃபில். மருமகள் அஜிஷா இவர்களோடு இருந்து, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அரிசிக்கும் மீனுக்கும் மாத்திரைக்கும் குறைவில்லை. ஆனால் எல்லாம் செல்வதாஸ் கையால் வாங்கி வருவது. "என்ன வேணும்னு சொல்லு, வாங்கித் தாறேன்" என்பார். சொன்னால் வாங்கியும் வருவார். அவள் கையிலும் நாலு காசு கிடக்கட்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

முழங்கால் முட்டில் வலி வருகிறவரை செல்லபாய் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் உட்கார்ந்து பருப்பு உரித்தவள். கூலி வாங்கியதும் முதல் வேலையாகக் காணிக்கையை முந்தானையில் முடிந்துவிடுவாள். முட்டு மடங்காமல் போனதோடு அந்த முடிச்சும் இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, காணிக்கைக்கு எனக்கும் வல்லதும் சில்லற தாருங்களேன்."

"ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஆம்பளைங்க பக்கத்துல போடுகேனே. ஒரே வீட்டுக்கு ரெண்டு வாட்டி வரி கெட்டணுமாட்டி?" என்று சிரித்தார் செல்வதாஸ்.

அவளும் கூடச் சிரித்தாள். பிறகு கேட்கவில்லை. இப்போது பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் நாகர்கோவில் வரை போய் வரலாம். கோயிலில் அந்தப் பை வருகிற நேரத்துக்குத்தான் காசு வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்த வீட்டில் காசு மலை மலையாகக் கிடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

செல்வதாசுக்குப் பழைய காசு பொறுக்குகிற பித்து. சபைக் கணக்குப் பார்க்கும் அனில்குமாருக்கோ சில்லறை என்றாலே தலைவலி. பேங்கில் மூட்டையைக் கண்டதும் நாளைக்கு வா என்கிறார்களாம். அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைச் சில்லறை முழுவதையும் செல்வதாஸ் வாங்கிக்கொண்டு, ஈடாக நோட்டுக் கொடுத்துவிடுவார். மூட்டை வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய போர்வையை விரித்துக் கொட்டி, லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் சாயங்காலச் சாயாவுக்குத்தான் தலை நிமிரும். காசில் வருஷம் பார்ப்பார். வருஷத்துக்கு அடியில் குத்தியிருக்கும் சின்னக் குறியைப் பார்ப்பார்.

"புள்ளி கெடந்தா நொய்டாவுல அடிச்சது மக்கா. நட்சத்திரம்னா ஹைதராபாத். ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தா" என்று அஜிஷாவுக்குப் பாடம் நடக்கும்.

"செரி மாமா" என்று அவள் போனைப் பார்த்தபடியே சொல்வாள். "நம்ம கன்னியாகுமரில அடிச்சது உண்டா மாமா?"

"போ புள்ள, உனக்கு எல்லாம் வெளையாட்டு."

வேண்டியதைப் பொறுக்கி எடுத்தபின் மீதியை ஐம்பது ஐம்பதாக நியூஸ் பேப்பரில் குழல்போலச் சுற்றி வைப்பார். மறுநாள் சந்தையில், கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டு வரும் பெண்களிடமும் டீக்கடையிலும் அதைக் கொடுத்து நோட்டாக்கிக்கொள்வார். "சில்லற மாமா வந்தாச்சு, இனி பாக்கி கேளுங்கட்டி" என்று மீன்காரிகள் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பொறுக்கிய காசு ஒவ்வொன்றும் ஒரு பழுப்புத் தாள் மடிப்புக்குள் போகும். மேலே பென்சிலால் வருஷம். மடிப்புகள் எல்லாம் பிபின் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவுக்குள். விரல் பட்டால் காசு கெட்டுவிடும் என்று, ஒரு தடவை மடித்ததை அவர் பிறகு பிரிப்பதே இல்லை. டப்பாவைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார்.

ஷைஜா திரும்பிப் பார்த்த அந்த வாரம் சனிக்கிழமை, அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் செல்லபாய் அலமாரியைத் திறந்தாள். பேப்பர்க் குழலில் கை வைக்க முடியாது, எண்ணிச் சுற்றியது. ஒன்று குறைந்தால் டீக்கடையில் அவர் முகம் கறுக்கும். டப்பாவில் இருந்து ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தாள். இரண்டு ரூபாய். தேசப்படம் போட்ட, பல மூலை உள்ள பழைய காசு, அழுக்கேறிக் கறுத்திருந்தது.

அவள் கணக்கு இதுதான். இந்தக் காசு நாளைக் காலையில் கோயிலுக்குப் போகும். மத்தியானம் மூட்டையோடு இதே வீட்டுக்குத் திரும்பி வரும். அவர் மறுபடியும் பொறுக்கி இதே டப்பாவில் போடுவார். இடையில் அவர் அனில்குமாருக்குக் கொடுக்கும் நோட்டில் இரண்டு ரூபாய் கூடுதலாகப் போகும். அது நான் போட்ட காணிக்கை. காசு காசாகவே இருக்கும், என் கையும் வெறுங்கையாக இருக்காது. இதில் களவு எங்கே இருக்கிறது?

மடிப்பு வெறுமையாய்க் கிடந்தால் தெரிந்துவிடும் என்று ஒரு புளியங்கொட்டையை உள்ளே வைத்து மடித்தாள். காசைக் கையில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு கறுத்ததையா ஆண்டவருக்குக் கொடுப்பது? புளியும் சாம்பலும் போட்டு, பித்தளைச் செம்பைத் தேய்க்கிறதுபோலத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் பைக்குள் அது கிணுங்கென்று விழுந்தது. ஷைஜா திரும்பவில்லை. செல்லபாய்க்கு அன்றைய பிரசங்கம் முழுவதும் காதில் விழுந்தது.

மத்தியானம் அவள் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு அறையில் இருந்து ஒரு கூப்பாடு. "செல்லா! ஏட்டி செல்லா, ஓடி வா!"

செல்லா என்று அவர் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

"பாத்தியா! இன்னொரு நட்சத்திரம்! இந்த வருசத்துல நட்சத்திரம் போட்டது ரொம்பக் கொறச்சல்னு சுதன் சொன்னானே, அதுல ரெண்டாவது! மொதல்ல கெடச்சது கறுத்துக் கெடந்துது. இது பளபளன்னு என்ன அழகு பாரு!"

சுதன் நாகர்கோவிலில் பழைய காசு வாங்கி விற்கிறவன். தான் எடுத்தது எந்த மடிப்பு என்று செல்லபாய்க்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் சுதனுக்குப் போன் போட்டுவிட்டார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். "நீயும் கூட இருந்து தின்னு" என்றார். அண்டி ஆபீசில் அவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், யார் மேஸ்திரி என்றெல்லாம் விசாரித்தார். அவள் பதில் சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். பிபின் பிறந்த அன்றைக்குப் பார்த்த முகம்.

அந்த முகத்துக்காகவா, வெறுங்கைக்காகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவள் அலமாரியைத் திறந்தாள். புதிதாக வந்திருந்த மடிப்பைப் பிரித்து, அந்தக் காசையே எடுத்து, ஒரு புளியங்கொட்டையை வைத்து, காசை மறுபடியும் தேய்த்துக் கழுவினாள். ஞாயிறு மத்தியானம் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. பிறகு நான்காவது. பிறகு ஐந்தாவது. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பளபளப்பு.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் செல்வதாஸ் எழுந்து நின்று சாட்சி சொன்னார். "நாம ஆண்டவருக்குப் போடுகதுல இருந்தே அவரு நமக்குத் திருப்பித் தாறாரு. எனக்கு அஞ்சு வாட்டி தந்திருக்காரு." எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பின் வரிசையில் பாயில் இருந்த செல்லபாய்க்கு வாய் திறக்க வரவில்லை. ஒரு வீட்டுக்குள் கிடந்த பொய், இப்போது ஜெபத்துக்குள் போய்விட்டதே.

அந்த வாரமே சுதன் போன் செய்தான். ஐந்தையும் சேர்த்துத் தானே எடுத்துக்கொள்வதாகவும், சனிக்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னான்.

செல்லபாய் வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் குழல் சுற்றும்போது போய் நின்று, "இஞ்ச பாருங்க, அந்தக் காசு இருக்கில்லா..." என்றாள்.

"இருக்குட்டி. அதுல உனக்கும் ஒரு சேல உண்டு. என்ன கலரு வேணும்னு இப்பவே சொல்லு, வாங்கித் தாறேன்."

"எந்தக் கலரும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சுதன் வந்தான். மெலிந்த பையன், தோளில் பை, வெள்ளைக் கையுறை. செல்வதாஸ் மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்து, டப்பாவில் இருந்து ஐந்து மடிப்புகளையும் வரிசையாக வைத்தார். அஜிஷா வேடிக்கை பார்க்க வாசற்படியில் நின்றாள். செல்லபாய் சாயா தம்ளர்களோடு வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை.

சுதன் கடைசி மடிப்பை முதலில் பிரித்தான். காசை லென்சில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மாறிற்று.

"அண்ணாச்சி, இத யாரோ தேச்சிருக்காங்க."

"தேச்சதா? நான் விரலுகூட வைக்கல்லியே!"

"கோடு கோடா கெடக்கு பாருங்க. புளி போட்டுப் பல வாட்டி தேச்சா இப்பிடித்தான் வரும். தேச்ச காச ஒருத்தனும் தொடமாட்டான். இது இனி வெறும் ரெண்டு ரூவாதான்."

"செரி, அத விடு மக்கா. மத்தத பாரு" என்று செல்வதாசே அடுத்த மடிப்பைப் பிரித்தார்.

புளியங்கொட்டை உருண்டு துண்டில் விழுந்தது. அவர் அதையே பார்த்தார். அடுத்ததைப் பிரித்தார். அதிலும் அதுதான். மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை, கிழித்தார். நான்கு கொட்டைகள் வெள்ளைத் துண்டில் பளபளத்துக் கிடந்தன. அந்த நிமிஷத்தில் யாராவது சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ரூமப் பெருக்க வாறது யாரு?" என்றார் செல்வதாஸ். குரல் தாழ்ந்திருந்தது.

"நான்தான் பெருக்குகேன். என்ன மாமா?" என்றாள் அஜிஷா.

"போன வாரம் ஆன்லைன்ல என்னமோ வாங்குனியே, அந்தக் காசு எங்க இருந்து வந்துது?"

அஜிஷாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்து வரை சிவந்துவிட்டது. "டியூசன் காசு மாமா. என்னக் கள்ளின்னு சொல்லுதியளா?"

"உனக்க பேக்கக் கொண்டு வா."

சுதன் பாதி எழுந்து, "அண்ணாச்சி, நான் பின்ன வாறேன்" என்றான். "இரு" என்றார் செல்வதாஸ். அவன் உட்கார்ந்தான்.

செல்லபாய் தட்டைப் பிடித்தபடி நின்றாள். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒரு சத்தம் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் சொன்னால் அதோடு போகாதே. எதற்கு எடுத்தாய் என்று கேட்பார். பென்ஷன்காரர் பெண்டாட்டி வெறுங்கையை மூடிக்கொண்டு கோயிலில் நின்றதை, முன்பின் தெரியாத ஒருத்தன் முன்னால் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பிறர் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டே நம் வெட்கத்தைக் காப்பாற்றுகிற நேரம் ஒன்று எல்லோருக்கும் வரும், கண்ணுகளா. வராமல் இருக்கட்டும்.

அஜிஷா உள்ளே போய்ப் பையைக் கொண்டு வந்து, அவர் கையில் கொடுக்காமல், தானே மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, சார்ஜர், டியூஷன் பிள்ளைகள் கொடுத்த மிட்டாய், பெண்களுக்கு மாதாமாதம் வேண்டியது ஒரு பொட்டலம். சுதன் சுவரைப் பார்த்தான். செல்வதாஸ் விரலால் அவற்றைக் கிண்டினார். காசு பொறுக்குகிற அதே விரலால்.

"இதுல இல்ல. பிபினுக்குப் போன் போடு. நானே பேசுகேன்."

தட்டு செல்லபாயின் கையில் இருந்து சரிந்தது. சாயா தரையில் ஓடிற்று.

"அவள விடுங்க. நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் எடுத்தேன். அஞ்சு காசொண்ணும் இல்ல. ஒரே காசுதான். நான் கோயில்ல போடுவேன், நீங்க பொறுக்குவிய. மறுவடியும் நான் எடுத்துப் போடுவேன். தேச்சதும் நான்தான். அழுக்கா போடுகதுக்கு மனசு வரல்ல."

செல்வதாஸ் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இன்னும் வந்து சேரவில்லை. "எதுக்குட்டி?"

"காணிக்கைக்கு."

"கேட்டா தரமாட்டேனா?"

"கேட்டேன்."

"எப்ப கேட்ட?"

"கேட்டேன். நீங்க சிரிச்சிய."

அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, "நான் கூட்டத்துல எழும்பி நின்னு சாட்சி சொன்னேனேட்டி" என்றார். அழுகிற குரல். "ஆண்டவரு தந்தாருன்னு சொன்னேனே. நீ பொறத்த பாய்ல இருந்து கேட்டுட்டுத்தானே இருந்த?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

சுதன் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனான்.

அஜிஷா மேஜைமேல் கிடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் எடுத்து வைத்தாள். தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தவில்லை, உள்ளே அவள் உடுப்புகளை மடிப்பது தெரிந்தது. செல்லபாய் போய்ப் படியில் நின்றாள்.

"மோளே, நான் சொல்லிட்டேனே."

"சொன்னிய மாமி. நான் எல்லாத்தையும் கொட்டி முடிஞ்ச பொறவு சொன்னிய."

அஜிஷா அடுத்த உடுப்பை எடுத்து மடித்தாள்.

"மாமா என்னச் சந்தேகப்பட்டதுல எனக்கு அவ்வளவு வெசனம் இல்ல. அவரு காசக் கண்டா ஆளு மாறிருவாரு. ஆனா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுட்டே தட்டும் கையுமா நின்னிய. உங்களுக்குக் கோயிலுக்குக் காசு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? நான் டியூசனுக்கு வாங்குகதுல தரமாட்டனா?"

"மருமவகிட்ட எப்பிடி மோளே கேக்க?"

"களவெடுக்கலாம், கேக்கப்பிடாது. அப்பிடித்தானே?"

அவள் வீடு அஞ்சுகிராமத்தில். சாயங்காலம் அவள் கிளம்பியபோது செல்வதாஸ் மேஜையருகில் அப்படியே உட்கார்ந்திருந்தார். செல்லபாய் பையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ரோடு வரை கூட நடந்தாள். பையை வாங்கிக்கொள்ள அஜிஷா இரண்டு தடவை கை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை.

பஸ் வந்ததும், "பிபின் கிட்ட சொல்லுவியா மோளே?" என்று கேட்டாள்.

"கேட்டா சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு வராது." படியில் ஏறி நின்று அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "முட்டுக்குத் தைலம் எனக்க அலமாரில இருக்கு. எடுத்துப் போடுங்க. வீட்டுக்கு வருவேனான்னு இப்பம் கேக்காதீங்க."

செல்லபாய் திரும்பி வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. தரையில் சாயா காய்ந்து பிசுபிசுத்தது. செல்வதாஸ் தலை நிமிராமலே கேட்டார்.

"பெயிட்டாளா?"

"பெயிட்டா."

"ரெண்டு நாள்ல கோவம் தீந்து வருவா."

"வரமாட்டா. நீங்க போயி கூட்டிட்டு வரணும்."

"நானா? எடுத்தது நீ."

"எடுத்தது நான்தான். பேக்கக் கிண்டுனது நீங்க. ரெண்டு பேரும்தான் போவணும். ஆனா அவளுக்க அப்பன் முன்னால மொதல்ல நீங்க நிக்கணும், நான் பொறத்த நிப்பேன். ஜெபக்கூட்டத்துலயும் எழும்பி நின்னு நான் சொல்லுவேன், அது ஆண்டவரு தந்ததில்லன்னு."

"ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும்."

செல்லபாய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்து, தரையைத் துடைத்தாள். துணி அவர் கால் பக்கம் வந்தபோது காலைத் தூக்கிக்கொடுத்தார். பிறகு காலைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"காலைல அஞ்சுகிராமத்துக்கு பஸ் எத்தன மணிக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றாள் செல்லபாய். "ரோட்டுக்குப் போயி யாருகிட்டயாவது கேளுங்க."

அவர் காலைக் கீழே வைத்து எழுந்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கினார். துடைத்த ஈரத்தில் அவர் கால் தடம் வாசல் வரை பதிந்தது. செல்லபாய் அதை அழிக்காமல், துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, அஜிஷாவின் அறையில் விளக்கைப் போட்டாள்.